கேட்டால் சொல்வது

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்திப்பில் நிற்பவர்களின் தலை தானாகவே மேலே திரும்பும். மலைச்சரிவில் கெக் லோக் சி பௌத்தக் கோயில். 1890-களில் கட்டத் தொடங்கி, 1930-இல் அதன் ஏழடுக்குக் கோபுரம் நிறைவுபெற்றது. அடித்தளம் சீனப் பாணி, நடுவே தாய்லாந்துப் பாணி, முடி பர்மியப் பாணி. அதற்கும் மேலே முப்பது மீட்டர் உயர வெண்கலச் சிலையாகக் கருணைத் தெய்வம் குவான் யின் நிற்கிறாள். இன்னொரு பக்கம் 1924 முதல் ரயில் ஏறி இறங்கும் கொடிமலை. அதன் உச்சியில் ஒரு முருகன் கோயில். பட்டணத்தை நோக்கிச் சாலையில் இறங்கினால் கத்தோலிக்கரின் உயிர்த்த கிறிஸ்து ஆலயம், இன்னும் கீழே போனால் மாநிலப் பள்ளிவாசல். இந்த ஊர்க்காரர்களின் நினைவு எதுவானாலும் அதில் ஊதுவத்தி வாசனையும் பாங்கு ஓசையும் கோயில் மணியும் கலந்தே இருக்கும். ஒரு மதத்தின் ஓசை மட்டும் கேட்ட நாள் எங்களுக்கு நினைவில் இல்லை. கிறிஸ்தவ விசுவாசத்தை, அதை நம்பாதவர்களோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற கேள்வியை இந்தச் சந்திப்பில் நின்று யோசிப்பவர்களுக்கு, வேறு இடங்களில் எழுதப்பட்ட பதில்கள் பல பொருந்துவதில்லை. வெறுமையான ஒரு மனிதர் எதிரே நிற்பதாகவும், நாம் அவரை நிரப்பப் போவதாகவும் அந்தப் பதில்கள் எண்ணிக்கொள்கின்றன. ஆயர் ஈத்தாமில் அப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

சபைத் தமிழில் ‘அவிசுவாசி’ என்றொரு சொல் உண்டு. ஜெபக்கூட்டங்களிலும் பிரசங்கங்களிலும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அதன் பொருளை நாங்கள் நிறுத்தி யோசித்ததில்லை. தைப்பூசத்துக்கு வாரக்கணக்கில் விரதமிருந்து, தரையில் படுத்து, வெறுங்காலோடு காவடி எடுத்துத் தண்ணீர்மலை ஏறுகிறவரைப் பாருங்கள். செட்டியார்களின் வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காய்களைக் குவித்து உடைக்கும் சீனக் குடும்பங்களைப் பாருங்கள். இவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்பது இறையியல் பிழை என்பதற்கு முன்பே தகவல் பிழை. இவர்கள் நம்புகிறார்கள், அதற்காக உடலை வருத்திக்கொள்கிறார்கள், பணம் செலவழிக்கிறார்கள். எங்கள் நம்பிக்கை அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான். இந்தப் பிழையோடு பேச்சைத் தொடங்கினால் பின்னால் வருவது எல்லாமே கோணிப்போகிறது. இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்த எண்ணம் ஒன்றே: சாட்சி என்பது கேள்விக்குப் பின் வருவது. முதல் பேதுரு நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், உங்களுக்குள் இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்ற கருத்தில் பேசுகிறது. பதில் சொல்வதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தில் முதலில் ஒருவர் கேட்கிறார். சாந்தமும் மரியாதையும் அந்தப் பதிலுக்கு உரியவை என்றும் அதுவே சேர்த்துச் சொல்கிறது. அந்த நிருபம் எழுதப்பட்டது, சொந்த ஊரை விட்டுச் சிதறி அந்நியராய் வாழ்ந்த சிறு கூட்டத்துக்கு. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அந்த முகவரி அந்நியமாகத் தோன்றவில்லை.

மார்க்கெட் ஓரத்திலும் பேருந்து நிற்கும் இடத்திலும் அடுக்குமாடி வீடுகளின் வாசல்களிலும் கைப்பிரதி கொடுக்கும் ஊழியம் எங்கள் தலைமுறையின் நினைவில் அழுத்தமாகப் பதிந்தது. கொடுத்தவர்கள் வெயிலில் நின்றார்கள். வசை கேட்டார்கள். அவர்களுடைய உண்மையை நான் சந்தேகிக்கவில்லை. அந்த ஊழியத்துக்குச் சபையில் வழங்கிய பெயர்தான் என்னை இன்றும் நிறுத்துகிறது: ‘ஆத்தும ஆதாயம்’. ஆதாயம் கடைவீதிச் சொல். முதல் போட்டு, பொருள் விற்று, கையில் மிஞ்சுவது. இந்தச் சொல்லைக் கேட்கும் இந்துத் தமிழர் ஒருவர், அப்படியானால் நான் உங்கள் லாபமா என்று நினைப்பதில் தவறில்லை. பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது இச்சொல்லைத்தானே பயன்படுத்துகிறார் என்று ஊழியக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான், தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் இதே சொல் நிற்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை முழுதாகப் படிப்பவர்கள், செலவு யாருடையது என்பதையும் படிக்க வேண்டும். பவுல் தன்னை எல்லாருக்கும் அடிமையாக்கிக்கொண்டதாகச் சொல்கிறார். யூதரிடம் யூதரைப்போல, நியாயப்பிரமாணம் இல்லாதவரிடம் அது இல்லாதவரைப்போல. விலை கொடுப்பவர் பேசுகிறவர். எதிரே இருப்பவரின் மொழியையும் சாப்பாட்டையும் பழக்கத்தையும் கற்றுக்கொள்ளும் உழைப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அந்த உழைப்பை விட்டுவிட்டு ஆதாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் எங்கள் கைப்பிரதிகளின் குறை. அவை தமிழில் இருந்தன, ஆனால் தமிழர் யாரும் கேட்காத கேள்விகளுக்கு அவற்றில் பதில் இருந்தது.

பினாங்கின் சரித்திரமே இதற்கு இரண்டு சான்றுகளை வைத்திருக்கிறது. லண்டன் மிஷனரி சங்கத்தின் தாமஸ் பெய்ட்டன் 1819-இல் இங்கே வந்தார். மலாய் கற்றார், பள்ளிகள் நடத்தினார், அச்சிட்டார், விநியோகித்தார். 1844-இல் இங்கேயே இறந்தார். கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பின் மனம் மாறியவர்கள் மிகச் சிலரே. அவர் சோம்பியிருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய சங்கம் இந்த மலாக்கா நீரிணைப் பகுதியைச் சீனாவின் கதவு திறக்கும்வரை காத்திருக்கும் திண்ணையாகவே பார்த்தது. 1842-இல் நான்கிங் ஒப்பந்தத்தால் சீனத் துறைமுகங்கள் திறந்ததும் அதன் கவனம் அங்கே போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்காரரோடு பேசலாம். ஆனால் அவர் கண் தெருவில் இருக்கிறது என்பதை வீட்டுக்காரர் அறிவார். மிஷனரிகளின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்காதவர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த காகிதத்தின் எடையை, இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை வைத்து நிறுத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு இருக்கும்போது அதைத் தவறவிடக் கூடாது.

இரண்டாவது சான்று அதற்கு மூன்று ஆண்டுகள் மூத்தது. 1816-இல் ஆங்கிலிக்கப் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கினார். இன மத வேறுபாடு பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்தது அந்தப் பள்ளி. கிறிஸ்தவ மதத்தை விரும்பாத பெற்றோரின் உணர்வுகள் எவ்விதத்திலும் புண்படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கொள்கையாக எழுதிவைத்தது. இதை எழுதச் செய்தவர் விசுவாசத்தில் தளர்ந்தவர் அல்லர். மலாய் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்குத் தன் உழைப்பைக் கொடுத்தவர் அவர். ஒரே மனிதர், ஒரு கையால் வேதத்தைச் செம்மைப்படுத்தினார். மறு கையால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் தகப்பனின் நம்பிக்கைக்கு வேலி கட்டினார். இதில் முரண்பாடு இருப்பதாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பின்னாளில் 1852-இல் லா சால் சகோதரர்களின் செயின்ட் சேவியர் பள்ளியும் அதே ஆண்டில் லைட் ஸ்திரீட் கான்வென்டும், 1891-இல் மெதடிஸ்டுகளின் ஆங்கிலோ-சீனப் பள்ளியும் வந்தன. இத்தீவின் சீனர், தமிழர், மலாய்க்காரர் பலர் கிறிஸ்தவர் என்ற சொல்லோடு முதலில் சேர்த்து நினைப்பது ஒரு வகுப்பறையைத்தான். துங்கு அப்துல் ரஹ்மான் ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார், இந்நாட்டின் முதல் பிரதமரானார். அப்படியானால் அந்தப் பள்ளியில் நடந்தது சாட்சியே இல்லையே, வெறும் கல்விதானே என்று கேட்பவர்கள் உண்டு. பெயர்ப்பதிவேட்டில் எண்ணிக்கை கூடினால்தான் சாட்சி என்று வைத்துக்கொண்டால் அவர்கள் சொல்வது சரி. நான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவன் பிறகு என்ன மதத்தில் சேர்ந்தான் என்று இயேசு சொல்லவே இல்லை.

கேள்வியைத் தானே முதலில் கேட்ட ஒருவர் தமிழ் நாட்டில் இருந்தார். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்குவைத்தான் சொல்கிறேன். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்றே எங்கள் சபைகள் அவரைக் கொண்டாடுகின்றன. அதைவிட வியப்பான ஒரு காரியத்தை அவர் 1712-இல் செய்தார். தம் உடன் ஊழியர் குருண்டலரோடு சேர்ந்து, கல்வியறிவுள்ள தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்டார். உங்கள் வழிபாடு என்ன, உங்கள் நூல்கள் எவை, வாழ்க்கை முறை எப்படி, கிறிஸ்தவ மதத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இரண்டு ஆண்டுகளில் பதில்கள் வந்தன. அவை ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. ஐரோப்பியர்களுக்கு அவை இனிமையான வாசிப்பாக இருந்திருக்க முடியாது. கிறிஸ்தவர்கள் மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடித்து வெறிக்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை, சொல்வது ஒன்றும் செய்வது ஒன்றுமாக வாழ்கிறார்கள், பிறகு எப்படி அவர்கள் மதத்தை நம்புவது என்ற போக்கில் பல கடிதங்கள் பேசுகின்றன. சீகன்பால்கு அவற்றைக் கிழித்துப்போடவில்லை, அனுப்பிவைத்தார். இதில் எனக்குப் பெரிதாகப்படுவது ஒன்று. தரங்கம்பாடியில் வாழ்ந்த அந்தத் தமிழர்கள், கடற்கரைக் கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்களைப் பல தலைமுறைகளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் பிரசங்கிப்பதற்கு முன்பே அவர்கள் கிறிஸ்தவத்தைப் படித்து முடித்திருந்தார்கள், அந்தக் குடியிருப்பில் நடந்த வாழ்க்கையிலிருந்து. இங்கே ஆயர் ஈத்தாமில், ஃபார்லிமின் அடுக்குமாடியில் எதிர் வீட்டில் வசிக்கும் குடும்பமும் எங்களை அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறது. பதில் எழுதித் தருகிறீர்களா என்று நாங்கள்தான் இன்னும் கேட்கவில்லை.

நன்றாகப் பதில் சொன்னால் நிச்சயம் பலன் உண்டு என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் இரண்டு மனிதர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷனின் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவினார். அந்தத் தலைமுறையில் வேதாகமத்தை அவ்வளவு நுணுக்கமாகப் படித்த தமிழர் மிகக் குறைவு. அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் செய்தார். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சுக்கூடம் வைத்தார். பள்ளி, அச்சு, பிரசங்கம் என்று மிஷனரிகள் கொண்டுவந்த மூன்றையும் எடுத்துச் சைவத்துக்குக் கொடுத்தார். பழைய ஏற்பாட்டின் ஆலய வழிபாட்டைச் சைவர்களின் கோயில் வழிபாட்டோடு ஒப்பிட்டு, நீங்கள் பழிப்பது உங்கள் நூலிலேயே இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டார். இன்னொருவர் நெல்லைச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. சாயர்புரம் மிஷன் பள்ளியில் வைணவராகவே தமிழ்ப் பண்டிதர் வேலை பார்த்தார். உறவினரும் நண்பர்களும் கிறிஸ்தவராவதைப் பார்த்தார், படித்தார், வாதாடினார், 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம், ஆங்கில எழுத்தாளர் பனியனின் கதையை எடுத்துக்கொண்டாலும் கம்பனைக் கற்ற நாவில் பிறந்தது. இருவருக்கும் கிடைத்தது ஏறத்தாழ ஒரே சூழல்: ஒரு மிஷன் பள்ளி, ஒரு பண்டிதர் வேலை, ஒரே புத்தகம். ஒருவர் வந்தார், ஒருவர் வரவில்லை. சபையில் சிலர் நாவலரை நழுவிப்போன மீனாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெர்சிவல் அவரிடம் நூலை முழுதாகத் திறந்து கொடுத்தார், நம்பாதவர் என்று தெரிந்தும் தம் வேதத்தின் சொற்களையே அவர் கையில் ஒப்படைத்தார். பகிர்வது என்றால் இதுதான். வாங்கிக்கொண்டவர் அதை வைத்து என்ன செய்தார் என்பது கொடுத்தவரின் கையில் இல்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு கனமானது. புறப்பட்டுப் போங்கள் என்றுதானே மத்தேயு சுவிசேஷம் முடிகிறது, கேட்டால் சொல்கிறேன் என்று வீட்டில் உட்காருவது கோழைத்தனத்துக்குச் சூட்டிய நல்ல பெயர் இல்லையா? பவுல் அத்தேனே நகரத்துச் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு தினமும் தர்க்கம் செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லையா? சொல்கிறது. ஆனால் அதே அதிகாரத்தை மேலும் கீழும் படித்தால், பவுல் முதலில் அந்த நகரத்தைச் சுற்றி நடக்கிறார், அவர்களுடைய பலிபீடங்களில் எழுதியிருப்பதைக்கூட நின்று வாசிக்கிறார். அத்தேனே சந்தைவெளி தர்க்கத்துக்காகவே மக்கள் கூடிய இடம். அங்கே பேசியவர்கள் அவரை மன்றத்துக்கு அழைத்துப்போய், நீ சொல்லும் புதிய உபதேசம் இன்னதென்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அவர் பேச எழுவது அதற்குப் பிறகு. பேசும்போது எடுத்தாள்வது அவர்களுடைய புலவர்களை. போவதை நான் மறுக்கவில்லை. போய், நடந்து, பார்த்து, வாசித்து, அந்த ஊரின் மனிதராகி, கேள்வி வரும் தூரத்தில் வாழ்வதும் போவதுதான். வாசல் மணியை அடித்துவிட்டுக் காகிதத்தைத் தந்துவிட்டு அடுத்த வாசலுக்கு விரைவதைவிட அது நீண்ட பயணம். பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். மருத்துவமனைக் கட்டிலில் எழுந்து போக முடியாமல் படுத்திருப்பவரின் தலைமாட்டை அத்தேனே மன்றமாக நினைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எதிர்த் திசையிலிருந்து வரும் மறுப்பு எங்கள் ஊரில் இன்னும் இயல்பானது. எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகிறது, பிறகு எதற்கு உங்கள் விசுவாசத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டும்? திறந்த இல்ல உபசரிப்புகளில், பலகாரத் தட்டுக்கு மேலே, அன்போடு சொல்லப்படும் வாக்கியம் இது. இதை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. எல்லாம் ஒன்று என்று சொல்லிவிட்டால், காவடி எடுப்பவர் தம் முருகனைப் பற்றிச் சொல்ல இருந்ததையும் நாம் கேட்காமலே முடித்துவிடுகிறோம். அவர் ‘ஏதோ ஒரு கடவுளுக்காக’ அலகு குத்திக்கொள்ளவில்லை. கெக் லோக் சியின் துறவிகள் கற்பிப்பது சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தெழுந்த ஒருவரைப் பற்றியும் இல்லை. வேறுபாட்டை மறைத்துக் கிடைக்கும் இணக்கம் ஒரு சாவு வீட்டையோ ஒரு கலப்புத் திருமணத்தையோ தாங்குவதில்லை. யாழ்ப்பாணத் தமிழரான டி.டி. நைல்ஸ், ஆசிய சபைகளை ஒன்றாக அமரவைத்த மெதடிஸ்டு போதகர், சுவிசேஷம் சொல்வதைப் பிச்சைக்காரன் ஒருவன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு உணவு கிடைக்கும் இடத்தைச் சொல்வதோடு ஒப்பிட்டார். அவர் முதல் பொதுச் செயலாளராக இருந்த கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு 1959-இல் முறையாகத் தொடங்கியது எங்கள் நாட்டில்தான், கோலாலம்பூரில். அந்த உவமையில் சொல்பவன் கையில் உணவு இல்லை. அவனும் பசித்தவன், ஒரு வீட்டின் வாசலை மட்டும் அறிந்தவன். அப்படிப்பட்டவன் சும்மா இருந்தால் அது கருணை ஆகாது. அதேபோல், மற்றவன் தனக்குத் தெரிந்த வாசலைப் பற்றிச் சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்ளவும் அவனுக்கு உரிமை இல்லை.

அடுத்தது, இந்து அமைப்புகள் நெடுநாளாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு: நீங்கள் பலவீனரைத்தான் பிடிக்கிறீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது, லயத்தையும் கோயிலையும் கங்காணி காலத்து உறவையும் ஒரே நாளில் இழந்து பட்டணத்து மலிவு வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் பல. குடி, கடன், நோய், குண்டர் கும்பலில் சேரும் பிள்ளை. அந்த வீடுகளின் கதவை ஜெபக்குழுக்கள் தட்டின. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்கும் கிறிஸ்தவர் தம் நினைவோடு நேர்மையாக இல்லை. குணமாகும் என்ற வாக்குறுதியை, மறுக்கத் தெம்பில்லாதவரிடம், ஒரு நிபந்தனையோடு நீட்டுவது பாவம். நான் வேறு சொல் தேடவில்லை. ஆனால் மறு பாதியும் உண்டு: பசியும் ஒரு கேள்விதான். கணவனின் குடியால் தூங்காத பெண், யாராவது என்னைப் பார்க்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள், வாய் திறக்காவிட்டாலும். அந்தக் கேள்விக்கு வேறு யாரும் வராத இரவுகளில் சபைக்காரர்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. அவர் ‘எனக்கு உங்கள் மதம் வேண்டாம்’ என்று சொன்ன மறுநாள் உதவி தொடர்கிறதா? தொடர்ந்தால் அது அன்பு. நின்றுபோனால் அது தூண்டில்.

தூண்டில் என்ற சொல்லைவிடக் கடினமான சான்று ஒன்று எங்கள் சரித்திரத்திலேயே இருக்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மாதா கோயிலை, சாதிக்கு ஒரு பக்கமாக அமரும்படி இரண்டு கைகளாகப் பிரித்தே கட்டினார்கள். பலிபீடம் ஒன்று, அதை நோக்கிய கூடங்கள் இரண்டு. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று வாசிக்கும் கூட்டம் கல்லாலும் சுண்ணாம்பாலும் அதை மறுத்துவைத்திருந்தது. கப்பலேறியபோது சாதியைக் கரையில் விட்டுவிட்டோம் என்று மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. பெண் பார்க்கும் நேரத்தில் அது எந்தப் பெட்டியில் வந்தது என்று தெரிந்துவிடும். இதைப் பார்க்கும் இந்து நண்பர் ஏன் நம்ப வேண்டும்?

உணவும் சாவும்தான் மிக நுட்பமான இடங்கள். படைத்த பலகாரத்தைத் தொடமாட்டோம் என்று தீபாவளியன்று தட்டைத் தள்ளிவைப்பது, தகப்பன் சாவில் கொள்ளிக் குடம் தூக்க மறுத்து ஓரமாக நிற்பது: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களிடம் இவை கேட்கப்படுகின்றன, அவர்களும் செய்கிறார்கள். அந்தக் காட்சிகள் ஒரு குடும்பத்தின் நினைவில் ஐம்பது ஆண்டு நிற்கும். விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது தடையுத்தரவு அன்று. விருந்துக்கு அழைத்தால் போங்கள், வைத்ததைக் கேள்வி கேட்காமல் உண்ணுங்கள். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடுங்கள். இந்த நுட்பத்தில் எடை முழுவதும் எதிரே இருப்பவரின் மனத்தின் மீது விழுகிறது. சடங்கு எதையும் செய்யக் கூடாது என்று உண்மையாக நம்புகிற பிள்ளை, அன்று இரவு முழுக்கக் கண்விழித்து, உடலைக் குளிப்பாட்டி, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தோள் கொடுத்துத் தூக்கலாம். தீச்சட்டியைத் தொடாதவன் தகப்பனைத் தொட்டான் என்பதை உறவுக்காரர்கள் பார்ப்பார்கள். மறுத்தது எதை, மறுக்காதது எதை என்று அவர்கள் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். பலகார விஷயத்தில் என் சொந்தக் கருத்து, அன்போடு நீட்டிய கையை வெறுங்கையாகத் திருப்பி அனுப்புவதற்குச் சுவிசேஷத்தில் ஆதாரம் இல்லை என்பது. இதில் என்னோடு உடன்படாத நல்ல கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பழகித்தான் நீ அடக்கத்தைத் தத்துவமாக்குகிறாய் என்று வெளிநாட்டிலிருந்து வரும் போதகர்கள் சொல்லக்கூடும். ஆனால் நான் பேசிக்கொண்டிருப்பது சட்டம் தடுக்காத இடத்தைப் பற்றி. தமிழரிடமும் சீனரிடமும் பேச எங்களுக்குத் தடை இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு. தமிழர் வாழும் தெருவில் நிலைமை வேறு. அங்கே கிறிஸ்தவர் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. பேச முழுச் சுதந்திரம் இருக்கும் இடத்தில் கேள்வி வரும்வரை பொறுப்பதைத்தான் பொறுமை என்கிறேன்.

அழைக்காமலே வருகிறவர்களும் இருக்கிறார்கள். தீவிலிருந்து கடலைக் கடந்தால் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருத்தலம், 1846-இல் பாரிஸ் மறைபரப்பு சபையார் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் அங்கே மெழுகுவர்த்தி ஏந்தும் பெருங்கூட்டத்தில் இந்துக்களும் பௌத்தர்களும் திரளாக இருக்கிறார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை, யாரும் அவர்கள் கையில் காகிதம் திணிப்பதும் இல்லை. இது வெறும் நேர்த்திக்கடன், சாமி அலமாரியில் இன்னொரு படம் என்று கடிந்துகொள்ளும் கிறிஸ்தவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் பிள்ளை வரம் கேட்டு அந்தப் படிகளில் ஏறும் பெண், தன் கேள்வியைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கு இடம் விட்டு நிற்கவும், அவள் பேசினால் உட்கார்ந்து கேட்கவும் ஒருவர் வேண்டும்.

உட்கார்ந்து கேட்பதற்குச் சபை இன்னும் பழகவில்லை. சீகன்பால்கு கேட்டார். தமிழர்களின் தெய்வங்களையும் வழிபாட்டையும் பற்றி அவர்கள் சொன்னதையும் எழுதியதையும் கொண்டு 1713-இல் ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த மிஷன் பெரியவர்களின் கருத்து, மிஷனரிகளை அனுப்பியது அந்த மதத்தை ஒழிப்பதற்கே தவிர அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது. நூல் அச்சுக்குப் போகவில்லை. சீகன்பால்கு 1719-இல், முப்பத்தாறு வயதில், தரங்கம்பாடியில் இறந்தார். அண்டை வீட்டார் சொன்னதைக் கொண்டு அவர் எழுதிய அந்த நூல் கட்டாகவே கிடந்தது. அது அச்சேறியது 1867-இல், சென்னையில்.